வெறும் எண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிறுவன வேலையின் நன்மை தீமைகளைப் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். "பெரிய நிறுவனத்தில் ஊழியர் வெறும் ஓர் எண்தான்; துணிந்து வெளியே வாருங்கள்" என்கிறார் கட்டுரையாளர். வந்து எங்கே போவது என்பதையும் எழுதியிருக்கலாம். இடம் போதவில்லை போலும்.

நானும் ஓர் எண்ணாக இருந்தவன்தான். திருவொற்றியூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் டர்னர் வேலை, அதாவது லேத் மெஷினில் இரும்பைக் கடையும் வேலை. என் டோக்கன் நம்பரைச் சொன்னால் மளிகைக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாசக் கணக்கு எழுதுவார். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைக்கும். எர்ணாவூரில் நான் கட்டிய இரண்டு அறை வீடு அந்தக் கடனில் எழுந்ததுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் என் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை; "பர்மனென்ட்தானே?" என்றுதான் கேட்டார்கள். என் அம்மாவின் ஆபரேஷனுக்கு அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் ஒரு பைசா செலவாகவில்லை.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நைட் ஷிப்ட் முடித்து அப்பா பகலில் தூங்கும் வீட்டில் பிள்ளைகள் கிசுகிசுத்தே வளர்ந்தார்கள். கடைய வேண்டிய இரும்புத் துண்டை லேத்தில் பிடித்து மாட்டும் முறையை மாற்றினால் நேரம் மிச்சமாகும் என்று ஒருமுறை யோசனை கொடுத்தேன். ஆயுத பூஜையன்று எனக்குக் கம்பெனி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். என் யோசனையைப் படம் வரைந்து மேலே அனுப்பிய அதிகாரிக்குப் பதவி உயர்வு. (கடிகாரம் இன்னும் சரியாக ஓடுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) சரி, பெரிய இடம் என்றால் அப்படித்தான். ஆனால் போய் முறையிட ஒரு சங்கம் இருந்தது. 1918-இல் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் கூடி சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் உங்கள் பத்திரிகைக்கு வட சென்னை என்றால் வெட்டுக்குத்துதான் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் 2023 டிசம்பர் மாதிரி எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிய வேண்டும், அம்மோனியா கசிய வேண்டும்; அப்போது ஒரு போட்டோ. மணலி சாலையில் நிற்கும் லாரிகளைப் பற்றி முன்பு ஒரு கடிதம் எழுதினேன். சுருக்கிப் போட்டீர்கள், நன்றி. அதில் லாரியைத்தான் காணோம்.

என் மகனும் பெரிய கம்பெனியில்தான் இருக்கிறான், கும்மிடிப்பூண்டி பக்கம். கேட்டில் இருக்கும் பெயர் ஊருக்கே தெரியும். சம்பளச் சீட்டில் இருப்பதோ கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் ஒரு மேன்பவர் ஏஜென்சியின் பெயர். அந்த ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, இவனுக்குச் சாம்பல் சட்டை. நிற்பது ஒரே மெஷினில். கேன்டீனில் மட்டும் சாம்பல் சட்டைக்கு இரண்டாம் பந்தி. அவன் தட்டெடுத்து வருவதற்குள் கூட்டு தீர்ந்து ரசம்தான் மிஞ்சும். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, வேலையை விடும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று 1972-இல் சட்டம் போட்டார்கள். இவனுக்கு அந்த ஐந்து வருஷம் நெருங்கும்போது ஏஜென்சி மாறிவிட்டது. சேர்ந்த தேதி புதிது, அடையாள அட்டை புதிது. ஆள் பழைய ஆள், மெஷின் பழைய மெஷின். குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, தீபாவளி போனஸ், வீட்டுக்கடன் என்று உங்கள் கட்டுரை அடுக்கிய நன்மைகள் எல்லாம் உண்மைதான், நீலச் சட்டைக்கு. துணிந்து வெளியே வரச் சொல்கிறார் கட்டுரையாளர். முதலில் இவனை உள்ளே விட்டிருக்க வேண்டுமே ஐயா?

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் 'முன்னணி நிறுவனத்தில் உடனடி வேலை, உணவு, தங்குமிடம் இலவசம்' என்று வருகிறதல்லவா, என் மகன் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் போனான். நிரந்தரமா, ஒப்பந்தமா, சம்பளம் கொடுக்கப் போவது யார் என்று அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கும் காசு வாங்கிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
எர்ணாவூர்.