எலி கூடு கட்டிய பெட்டி

ஸ்கார்பரோ, கனடா,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் ஜூனில் படிப்பை முடிக்கிறாள். ஏப்ரல் கடைசியிலும் ஒரு நாள் பனி கொட்டியது. இப்போதுதான் மேப்பிள் மரங்கள் துளிர்க்கின்றன.

மரம் துளிர்த்தால் நான் எதை வெளியே எடுப்பேன் என்று உனக்குத் தெரியும். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, வண்டியின் தகரத்தை அரித்துவிடும். அதனால் நவம்பரில் மூடி வைத்த மியாட்டா காரை நேற்றுதான் திறந்தேன். போட்டோவில் பார்த்திருப்பாய், 1991 மாடல். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா முதன்முதலாகக் காட்டிய அதே உருவம்: இரண்டே சீட், துணிக் கூரை, மேலே எழுந்து விழிக்கிற ஹெட்லைட். 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் மொத்த எடையே ஏறக்குறைய ஆயிரம் கிலோதான். வளைவில் திருப்பினால் நம் உடம்போடு சேர்ந்து திரும்பும்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு ஒரு சுற்று போய் வரலாம் என்று நினைத்தேன். அரை மணி நேர வேலை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் பெட்டியின் மேல் இருக்கும் காற்று மீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, ரப்பர் குழாயின் கிளாம்ப்பைத் தளர்த்தி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூடியின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். மூடியைத் தூக்கினேன். மூத்திர வாடை அடித்தது.

ஃபில்டரை எடுத்தால், அடிப்பெட்டி முழுக்க எலிக்கூடு. பானெட்டின் அடியில் இருந்த பஞ்சைப் பிய்த்து வந்து, மேப்பிள் விதைகளையும் காய்ந்த இலைகளையும் கலந்து, நடுவில் கிண்ணம் போலக் குழித்து, அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தது. எலி எப்போதோ போய்விட்டது. ஃபில்டரின் மடிப்புகளில் ஒரு மூலையைக் கடித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டுப் போயிருந்தது. பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் அந்த ஓட்டை வழியாகப் பஞ்சும் தூசியும் நேரே உள்ளே போயிருக்கும்.

இங்கே சில எலிகளின் எச்சத்திலிருந்து ஹன்டா வைரஸ் பரவும். தூசியாகக் கிளம்பி மூச்சில் போனால் நுரையீரலையே தாக்கும். அதனால் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, ஈரத் துணியால் அள்ளினேன். காய்ந்தபடி பெருக்கவே கூடாது. உங்கள் வைக்கோல் கொட்டகையிலும் எலி உண்டு. அங்கே வேறு நோய்கள். எப்படியானாலும் கையுறை போட்டுக்கொள்.

பெட்டியைக் கழுவிக் காயவைத்துப் புது ஃபில்டரை வைத்தேன். சுற்றிலும் இருக்கிற ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தேன். மூடி, போல்ட், பிளக், குழாய், பேட்டரி, எல்லாம் மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் சட்டென்று பிடித்தது, இரண்டு விநாடியில் அணைந்தது. மறுபடி திருப்பினேன், அதே கதை. மூன்றாவது முறையும் அப்படியே.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த 1.6 எஞ்சினின் காற்று மீட்டருக்குள் ஒரு சின்னத் தகட்டுக் கதவு இருக்கிறது. உள்ளே போகிற காற்று அதைத் தள்ளித் திறந்தால்தான் பெட்ரோல் பம்ப் தொடர்ந்து ஓடும். ஸ்டார்ட்டர் சுற்றும்வரை பம்ப் ஓடும், சாவியை விட்டதும் கதவு திறந்திருக்க வேண்டும். காற்று வேறு வழியாகப் போனால் கதவு திறக்காது, வண்டி நின்றுவிடும். ரப்பர் குழாயைத் துடைப்பதற்காக, அது எஞ்சினோடு சேரும் த்ராட்டில் பக்கமும் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்டும்போது மேலே பார்த்தால் சரியாக இருந்தது. அடியில் கையை விட்டுத் தடவினேன். ரப்பர் உதடு உள்பக்கமாக மடிந்து, அரை விரல் இடைவெளி.

மாமா நினைவுக்கு வந்தார். கதிரடிக்கும் நாட்களில் தினமும் மாஸி பெர்குசன் டிராக்டரின் ஏர் கிளீனர் கிண்ணத்தை நம்மைக் கழற்ற வைப்பாரே. அடியில் படிந்த கறுப்புச் சேற்றை டீசல் விட்டுக் கழுவி, கோடு வரைக்கும் ஆயில் ஊற்றுவோம். கோட்டுக்கு மேலே போனால் எஞ்சின் ஆயிலை உறிஞ்சிவிடும் என்று பக்கத்திலேயே நிற்பார். எல்லாம் முடிந்த பிறகு குழாயின் அடியில் அவரே கையை விட்டுத் தடவுவார். "குழாய் வெடிச்சிருந்தா கிண்ணத்தைக் கழுவி என்னடா புண்ணியம்?" நேற்று நான் குழாயைத் தடவியதும் அதே மாதிரிதான், கண்ணை மூடிக்கொண்டு. உதட்டை வெளியே எடுத்துக் கிளாம்ப்பை இறுக்கினேன். வண்டி பிடித்தது. ஐடிலிங் பிசிறில்லாமல் நின்றது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மருமகன் தன் காரில் கோன் ஃபில்டர், அதாவது பெட்டிக்குப் பதிலாகக் கூம்பு மாதிரி இருக்கிற ஃபில்டர், போட ஆசைப்படுகிறான் என்றாய். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சத்தம் நன்றாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெட்டி இல்லாமல் திறந்து கிடக்கிற கோன், எஞ்சினின் சூடான காற்றையே உறிஞ்சும். ஆயில் தடவுகிற வகையில் ஆயில் கொஞ்சம் கூடினால், காற்றை அளக்கும் சென்சாரின் கம்பியில் படிந்துவிடும். கம்பெனி கொடுத்த பெட்டியும் காகித ஃபில்டருமே அவனுக்குப் போதும்.

ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடுமா என்றும் கேட்டிருக்கிறான். கார்புரேட்டர் காலத்தில் கூடும். இன்றைய பெட்ரோல் வண்டிகளில், 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் சோதித்தபோது, அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையவில்லை. உள்ளே வருகிற காற்றை அளந்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. வேகம் எடுப்பதுதான் மந்தமாகிறது. கம்ப்ரசர் காற்றால் ஊதி மறுபடி போடும் பழக்கத்தையும் விடச் சொல். கண்ணுக்குத் தெரியாமல் காகிதம் கிழியும். லேசாகத் தூசி படிந்த ஃபில்டர், புதியதைவிட நுண்ணிய தூசியை நன்றாகவே பிடிக்கும். அடைத்த பிறகு மாற்றினால் போதும்.

ஒரு கணக்கு சொல்கிறேன், அவனுக்குப் பிடிக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டருக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. என் 45 லிட்டர் டேங்க் காலியாவதற்குள் 4 லட்சம் லிட்டர் காற்று, பரீட்சை அட்டையைவிடச் சின்ன அந்தக் காகிதத்தைத் தாண்டிப் போகிறது.

வரும் நவம்பரில் பெட்டியின் வாய்க்குக் கம்பி வலை கட்டப் போகிறேன். வசந்தத்தில் அவிழ்க்க மறக்காமலிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி.

டிராக்டரை விற்றுவிடலாமா என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு நான் வருகிறேன், அதுவரை வைத்திரு. ஒரு நாள் காலையில் நாம் இரண்டு பேருமாகக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி ஆயில் ஊற்றுவோம். அதற்குப் பிறகு முடிவு செய். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்