வெளிச்சம் பட்ட ரோல்

அன்புள்ள சேகருக்கு,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்கு 80 நல்லபடியாக முடிந்தது. நீ வராதது அவளுக்குக் குறைதான். அடுத்த தடவை ஊருக்கு வந்தால் பெட்டியை நேராக எங்கள் வீட்டில் இறக்கச் சொன்னாள்.

விசேஷத்தில் எல்லோரும் செல்போனில் படம் எடுக்க, நான் மட்டும் என் பழைய கேமராவில் 36 படம் எடுக்கும் கலர் ஃபிலிம் ரோல் போட்டிருந்தேன். 27 முடிந்ததும் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனேன். திரும்பி வந்தால் தங்கை மகன் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, போட்டோ எங்க?" என்கிறான். எட்டு வயசு. அவன் அறிந்த கேமராவுக்கெல்லாம் பின்னால் திரை உண்டு, அதைத்தான் தேடியிருக்கிறான். பாய்ந்து போய் மூடினேன். புது ரோல் என்று நினைத்து மோட்டார் சர்ரென்று சுற்றியது, எண் மறுபடி 1 காட்டியது. கழுவாத ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் படம் போய்விடுமே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இருந்தாலும் தூக்கி எறிய மனம் வரவில்லை. மிச்சத்தையும் எடுத்து, சென்னையில் கழுவக் கொடுத்தேன். சேகர், 27இல் முதல் 16 படத்துக்கு ஒரு குறையும் இல்லை! எடுத்த ஃபிலிம் உள்ளே உருளையில் சுற்றுக்குமேல் சுற்றாக இருக்கிறது அல்லவா, மேல்சுற்றுகள் வெளிச்சத்தைத் தாங்கி அடியில் இருந்ததைக் காப்பாற்றிவிட்டன. கடைசி ஆறும் நெகட்டிவில் ஒரே கறுப்பு. நடுவில் ஐந்து படங்களில் ஓரத்திலிருந்து ஆரஞ்சு நிறம் பரவியிருக்கிறது. வெளிச்சம் பட்டது ஃபிலிமின் முதுகுப்பக்கம். சிவப்பை வாங்கும் அடுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பதால் இந்த நிறம். அந்த ஐந்தில் ஒன்றில் அம்மா வெற்றிலை இடிக்கிறாள். இடது ஓரம் தணல்போலச் சிவந்து, ஃபிலிம் துளை வழியாக வந்த வெளிச்சம் சின்னச் சின்னச் சதுரமாக அவள் முழங்கைவரை இறங்கியிருக்கிறது. உரலைப் பிடித்த விரல்கள் மட்டும் தெளிவு. அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம்தான் 1994 ஞாபகம் வந்தது. கொடைக்கானலில் குறிஞ்சி பூத்த வருஷம். பஸ்ஸில் கேமரா விழுந்து மூடி திறந்துகொண்டதே? எல்லாம் போச்சு என்று நான்தான் முழு ரோலையும் வெயிலில் உருவி, பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில் போட்டேன். சும்மா மூடிவைத்திருந்தால் பாதிப் படமாவது தேறியிருக்கும். நீலச் சரிவில் செல்வம் கையை விரித்து நின்ற படம் முதல் நாள் எடுத்தது, அடிச்சுற்றில் இருந்திருக்கும். அவன் போய் நாலு வருஷமாகிறது. நாம் மூன்று பேரும் சேர்ந்து நின்ற படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

உன் வீட்டுப் பரணில் அப்பாவின் கேமரா இருப்பதாகச் சொன்னாயே, அதை எடுத்துப் பார். மூடியைத் திறந்துவிடாதே. பின்பக்கம் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் ரோல் இருப்பது அதிலேயே தெரியும். இருந்தால் புது பேட்டரி போட்டு, அடியிலோ பக்கத்திலோ உள்ள சின்னப் பொத்தானைப் பேனா முனையால் அழுத்து, ஃபிலிம் தானே டப்பாவுக்குள் திரும்பிவிடும். மோட்டார் சத்தம் அடங்கிய பிறகு, இருட்டறையில் போர்வைக்குள் வைத்துத் திற. எடுத்த ரோலை எனக்கு அனுப்பு, இங்கே கழுவிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மணி