பெட்டி தூக்கவா சீமைக்குப் போனே?

சவுத்தாம்ப்டன்,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். உங்கள் மருமகளுக்கு இந்த வாரம் முழுக்க இரவு ஷிஃப்ட். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நாளைக்குக் கப்பல் இல்லை, எனக்கும் வேலை இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "பெட்டி தூக்கவாடா சீமைக்குப் போனே? இந்த வீட்டுக்காக ஜங்ஷனில் நான் போர்ட்டராத் தூக்கினது பத்தாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மா பாவம், முருங்கைக்காய் விலையைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள். உங்களிடம் போனில் எதையும் விளக்கிச் சொல்ல முடியாது. கடிதம் என்றால் கண்ணாடியைத் தேடி எடுத்தாவது முழுதாகப் படிப்பீர்கள்.

ஆமாம், பெட்டிதான் தூக்குகிறேன். பி.காம். படித்தவனுக்கு இங்கே உடனே கணக்கு வேலை கிடைத்துவிடாது. இந்த ஊர்க் கணக்குப் படிப்பைத் தனியாகப் படிக்க வேண்டும், படித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை இந்தத் துறைமுகத்துக்கு உல்லாசப் பயணக் கப்பல் வரும் நாட்களில் மட்டும் இந்த வேலை. மணிக்கு 12 பவுண்டு சொச்சம். வாரத்துக்கு மூன்று நாள் கிடைத்தால் பெரிது. கோடையில் கொஞ்சம் கூடும்.

நீங்கள் பார்க்காத வேலையாக இருப்பதால் ஒரு நாளை முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஊருக்கு வைகை, பாண்டியன் ரயில் வருவது மாதிரிதான் இங்கே கப்பலும். விடிவதற்குள் வந்து கட்டிவிடும், சாயங்காலம் நாலரை, ஐந்துக்குக் கிளம்பிவிடும். ஜனங்கள் ஏறி இறங்க ஐந்து டெர்மினல் இருக்கின்றன. அயோனா என்று ஒரு கப்பல், 2021-இல் ஓடத் தொடங்கியது. நீளம் 344 மீட்டர். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தைப் படுக்க வைத்து அளந்தால் ஆறரைக் கோபுரம் வரும். அதில் 5,200 பேர் போகலாம். ஆளுக்கு ஒன்றரைப் பெட்டி என்று வைத்தாலும் ஏழெட்டாயிரம் பெட்டி இறங்க வேண்டும், அதே நாளில் இன்னொரு ஏழெட்டாயிரம் ஏற வேண்டும். பாண்டியன் மொத்தமும் பிளாட்பாரத்தில் இறங்கினால்கூட உங்களுக்கு இத்தனை பெட்டி வந்திருக்காது.

இறக்குகிற வேலை சுலபம். கடைசி இரவே ஜனங்கள் பெட்டியைக் கட்டி, கொடுத்த சீட்டை மாட்டி, அறை வாசலில் வைத்துவிட வேண்டும். கப்பல் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக்கொண்டு போவார்கள். காலையில் நாங்கள் அதைப் பெரிய கூடத்தில் சீட்டின் நிறப்படி வரிசையாக நிறுத்தி வைப்போம். அவரவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய துணியையும் சேர்த்துக் கட்டி வெளியே வைத்துவிடுவார்களாம். முன்பு ஒருத்தர் குளியல் அங்கியோடு இறங்கி வந்து தன் பெட்டியைத் தேடினார் என்று எங்களோடு வேலை செய்யும் பெரியவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு இன்னும் அந்தக் காட்சி வாய்க்கவில்லை.

ஏற்றுவதுதான் வேலை. பதினொரு மணியிலிருந்து கார், டாக்ஸி, பஸ் என்று வாசலில் வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருப்பார்கள், யாரும் அதைப் பார்ப்பதில்லை. கார் நின்றதும் டிக்கியைத் திறந்து பெட்டியை இறக்குவோம். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர், கப்பல், தளம், அறை எண் எல்லாம் அச்சடித்த சீட்டு இருக்க வேண்டும். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எடுத்து மடித்துக் கைப்பிடியில் சுற்றி ஸ்டேபிள் அடித்துக்கொண்டு வருவார்கள். மழை பெய்தால் அந்தத் தாள் அப்பளம் மாதிரி நமத்துப் போகும். இந்த ஊரில் மழை எப்போது பெய்யாது? விவரமானவர்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மாட்டியிருப்பார்கள். சீட்டு சரியாக இருந்தால் கூண்டு வண்டியில் அடுக்கி உள்ளே தள்ளுவோம். எக்ஸ்ரேயில் போய், ஃபோர்க்லிஃப்டில் ஏறி, கப்பலின் வயிற்றுப் பக்கம் இருக்கிற கதவு வழியாக உள்ளே போகும். தளம் வாரியாகப் பிரித்து அறை வாசலில் கொண்டுபோய் வைப்பது கப்பல் ஆட்களின் பாடு. பெட்டி வந்து சேர்வதற்குச் சிலருக்கு இருட்டிக்கூடப் போகும்.

உங்களுக்கு ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. எல்லாப் பெட்டிக்கும்தான் சக்கரம் இருக்கிறதே, பிறகு எதற்கு ஆள்? சக்கரம் வைத்த பெட்டி வந்துதானே மதுரை ஜங்ஷனில் உங்கள் பிழைப்பு போனது. 2008-இல் ரயில்வேயில் போர்ட்டர்களைத் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வேலைக்கு எடுத்தபோதுகூட நீங்கள் போகாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரு நாளைக்கு நாலு சுமை கிடைத்தால் அதிசயம் என்று ஆனது எனக்கு மறக்கவில்லை. இங்கே அந்தக் கணக்கு வேறு. ஐயாயிரம் பேரும் ஆளுக்கு இரண்டு பெட்டியை உருட்டிக்கொண்டு ஒரே பாலத்தில் ஏறினால் கப்பல் மறுநாள்தான் கிளம்பும். நெரிசலுக்குப் பயந்துதான் எங்களை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு இன்னும் பழகாத ஒன்று இருக்கிறது. பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள், அப்பா. ரசீது கிடையாது, பேரம் கிடையாது, என் பெயர்கூடத் தெரியாது. மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருத்தன் வாங்கினான், அவ்வளவுதான். நம் ஊரில் உங்கள் கையில் பித்தளை வில்லை, அதில் நம்பர். அப்படியும் ஜனங்கள் உங்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள், "மெதுவா போப்பா, மெதுவா போப்பா" என்று. ஒருமுறை கூட்டத்தில் நீங்கள் கண்ணுக்கு மறைந்ததும் ஒரு அம்மா "திருடன்" என்று கத்தியதும், நீங்கள் மேம்பாலப் படியில் பெட்டியோடு நின்று கொண்டிருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

தூக்குவதற்கும் இங்கே பாடம் உண்டு. முதல் நாள் அரை நாள் உட்கார வைத்து, முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடி, தூக்கிக்கொண்டு இடுப்பைத் திருகாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ், கையுறை எல்லாம் உண்டு. ஆண் ஒருத்தன் இடுப்பு மட்டத்தில் தூக்க 25 கிலோ வரை சரி, தோளுக்கு மேல் என்றால் 10 கிலோதான் என்று அரசாங்கமே ஒரு வழிகாட்டல் வைத்திருக்கிறது. பெட்டி 23 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பல கம்பெனிகள் முன்கூட்டியே பயணிகளுக்கு எழுதிவிடுகின்றன. தாண்டத்தான் செய்கிறது. அப்போது இரண்டு பேராகத் தூக்குவோம். பாடம் எடுத்தவரிடம் எங்கப்பா சும்மாடு வைத்துத் தலையில் இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை தூக்குவார் என்று சொன்னேன். அவர் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, "அவர் தோள்பட்டை இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். வலது கை மேலே போகாது என்று சொல்ல மனசில்லை. நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், புருஷனும் பெண்டாட்டியும். மகள் காரில் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். கால் மணி நேரத்தில் பெரியவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருகிறார். பாஸ்போர்ட் இரண்டையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட், மாத்திரை, நகை, பணம் இதெல்லாம் கையில் இருக்க வேண்டும் என்று எல்லாத் தாளிலும் எழுதியிருக்கும். எழுதி என்ன? உள்ளே பன்னிரண்டு கூண்டு நிற்கிறது. "என்ன நிறம்?" என்று கேட்டால் "கருநீலம்" என்கிறார். இந்த நாட்டில் பாதிப் பெட்டி கறுப்பு, மீதிப் பாதி கருநீலம். சீட்டைப் பார்த்தே தேட ஆரம்பித்தார்கள்.

லீவு நாளில் நான் உங்களுக்குத் தூக்குவாளியில் டீ கொண்டு வரும்போது சொல்வீர்களே, "நிறத்தைப் பார்க்காதே, பெட்டியோட காயத்தைப் பாரு" என்று. இறக்கும்போதே அந்தப் பெட்டியின் இடது சக்கரம் ஆடியதைப் பார்த்து மனசுக்குள் திட்டியிருந்தேன். கைப்பிடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய காலுறை கட்டியிருந்தது. அடையாளத்துக்காம். அந்த ஞாபகத்தில் நானும் உள்ளே போய்த் தேடினேன். அது மூன்றாவது கூண்டில் அடியில் கிடந்தது. மேலே இருந்த பத்துப் பதினைந்து பெட்டியை இறக்கி எடுத்தோம். நாங்கள் திறக்கக்கூடாது, அவரை வரவழைத்து அவர் கையாலேயே திறக்க வைத்தார் மேஸ்திரி. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பத்து பவுண்டு கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன், அப்புறம் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு மீன் வாங்கினோம்.

அப்படியே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் மேஸ்திரி கூப்பிட்டு, வாசலில் நிற்க வேண்டியவன் சொல்லாமல் உள்ளே எப்படி வந்தாய் என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். பாதுகாப்பு விஷயத்தில் இவர்களுக்கு முகதாட்சண்யமே கிடையாது. அவர் சொன்னதும் சரிதான்.

இன்னொன்று, அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பாள். லண்டனிலிருந்து நம் ஆள் ஒருத்தர் குடும்பத்தோடு வந்தார். பெட்டிகளோடு ரைஸ் குக்கரை அட்டைப் பெட்டியோடு தனியாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறார். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குக்கர் எதையும் கப்பலில் விடமாட்டார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? எக்ஸ்ரேயில் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் கொடுப்பார்கள். நான் தமிழில் சொன்னதும் அவருக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் துக்கம். "பதினாலு நாள் சோறு இல்லாம எப்படித் தம்பி?" என்றார். மேலே பஃபேயில் சோறு இருக்கும் அண்ணே என்றேன். "அது சோறா?" என்று கேட்டுவிட்டு, குக்கரை மச்சான் காரிலேயே திருப்பி அனுப்பினார்.

டைட்டானிக் கப்பல் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான், 1912 ஏப்ரல் 10. அது நின்ற 44-ஆம் எண் துறைக்குப் பக்கத்திலேயே இன்றைக்கு ஒரு டெர்மினல் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் கடையில் பார்த்தேன். தோல் வார், பித்தளைப் பூட்டு, உங்கள் கல்யாண டிரங்குப் பெட்டியைவிடப் பெரிது. அதில் பாதி கிழிந்த ஒரு சீட்டு, ‘பயணத்தில் தேவையில்லை’ என்று. அறைக்கு வர வேண்டாம், கப்பலின் அடியில் சரக்கோடு போட்டுவிடு என்று அர்த்தமாம். விவரம் தெரியாதவன் படித்தால் யாரையோ வேண்டாம் என்று எழுதி ஒட்டியது போல இருக்கும். சிலவற்றில் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக ஒட்டியிருப்பார்களாம், போய் இறங்கும் ஊரில் எழுத்து வாரியாகப் பெட்டியை அடுக்க. நீங்கள் சாக்பீஸால் பெட்டி மூலையில் கோடு போட்டுக்கொள்வீர்களே, அது மாதிரி.

சரி, முக்கியமான விஷயம். அக்டோபரில் வரும்போது ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம். பெட்டியில் பழைய சீட்டு எதுவும் ஒட்டிக்கொண்டிருந்தால் கிழித்துப் போடுங்கள், அதுதான் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பும். உங்கள் பிரஷர் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். நெய் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பால் பொருள் எதையும் இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். குழம்புப் பொடி, இட்லிப் பொடி எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம்.

மதுரையில் ரயில் ஏறும்போது போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே தூக்க வேண்டாம். கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் தங்கச்சியிடமும் சொல்லியிருக்கிறேன். பழைய கூட்டாளி யாராவது நின்றால் உங்களிடம் காசு வாங்க மாட்டார். சட்டைப் பையில் திணித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்