பெர்மிட் தாளில் நேரம் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாட்டியின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தைலத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம். சித்தி வீட்டு விஷயம் ஒரு வழியாக முடிந்தது. அதை அம்மா சொல்வாள், நான் எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன்.

எங்கள் பாதுகாப்புப் பயிற்சி கம்பெனிக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். விழாவை மார்ச் முதல் வாரத்துச் சனிக்கிழமையில் வைத்திருக்கிறார்கள். 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு தினம். அன்றைக்கு எல்லா ஆலையிலும் கொடியேற்றி உறுதிமொழி வாசித்துக்கொண்டிருப்பார்கள், இங்கே ஒரு ஆள் வரமாட்டார். பேனரில் ‘இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி’ என்று எண் போட வேண்டுமாம். அந்த எண், சான்றிதழ் போடும் லேமினேஷன் மெஷின் எத்தனை தடவை சூடானது என்பதற்குத்தான் கணக்கு என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக மேடைக்குப் பக்கத்தில் கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறைகளை அடுக்கி, எழுபது கிலோ பொம்மையை உள்ளே கிடத்தி, ட்ரைபாடும் (முக்காலி) வின்ச்சும் (கயிறு சுற்றும் உருளை) வைத்து, யாரும் உள்ளே இறங்காமல் வெளியே தூக்கிக் காட்டலாம், கூட்டத்தின் முன்னால் ஸ்டாப் வாட்ச் ஓடட்டும் என்றேன். சரி என்றார்கள். சிறப்பு விருந்தினர் பேச்சும் உண்டு, அதைத் தவிர்க்க முடியவில்லை.

விழா மலரின் முதல் கட்டுரை என்னுடையது. 1987இல் ஃபேக்டரீஸ் ஆக்ட்டில் சேர்த்த 111ஏ பிரிவைப் பற்றி. போபால் நடந்தது 1984 டிசம்பரில். அதன் பிறகு வந்த திருத்தத்தில்தான், வேலையில் உள்ள ஆபத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று எழுத்தில் வந்தது. நம் மாதிரி கம்பெனிகளுக்குச் சோறு போட்ட பிரிவு. நம் ஆட்களிலேயே பாதிப் பேர் அதைப் படித்ததில்லை.

இன்னொரு பக்கம், பயிற்சியாளர்கள் வீட்டுப் பிள்ளைகளில் இதே துறைக்கு வந்தவர்களுக்கு. உன் பெயரை நான் கொடுக்கவில்லை, ஆபீஸில் அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். குஜராத் வாபியில் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) ஷிஃப்ட் இன்சார்ஜ், அதுவும் இந்த வயதில், என்று அவர்கள் பேசிக்கொள்ளும்போது நான் காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நீ அனுப்பிய படமும் வந்தது. ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைச் சரியாக மாட்டியிருக்கிறாய். முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய் என்கிறாள் அம்மா.

படம் அரைப் பக்கத்துக்கு அச்சாகும், அதுதான் சங்கடம். மலரைப் படிக்கப்போகிறவர்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளின் சேஃப்டி ஆபீஸர்கள். உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பின்னால், கழிவுநீர் வந்து கலக்கும் ஈக்வலைசேஷன் டேங்க்கின் மேன்ஹோல் திறந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பியில், உள்ளே இறங்க அனுமதி தரும் பெர்மிட் தாள் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. பெரிதாக்கினால் கீழே உன் கையெழுத்து தெரிகிறது. கேஸ் ரீடிங் கட்டங்களில் மூன்று எண்கள்: ஆக்சிஜன் 20.4, எரியும் வாயு 0, ஹைட்ரஜன் சல்ஃபைடு 7. நேரம் எழுதும் கட்டம் வெள்ளையாக இருக்கிறது. அந்த 7 உன்னுடையது இல்லை. நீ குறுக்குக் கோடு போட்டு எழுதுவாய். மீட்டர் மேன்ஹோல் விளிம்பிலேயே இருக்கிறது, சாம்பிள் குழாய் மாட்டவில்லை. ட்ரைபாட் படத்தில் வரவில்லை. ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் என்று நினைக்கிறேன். மேன்ஹோல் ஃபிரேமுக்குள் இருக்கும்போது அதற்கு நேர் மேலே நிற்க வேண்டிய ட்ரைபாட் எப்படி வெளியே போகும் என்று அவர்கள் கேட்பார்கள். நான் கேட்கவில்லை.

2025 நவம்பர் வரை அமலில் இருந்த ஃபேக்டரீஸ் ஆக்ட்டின் 36ஆம் பிரிவை நம் ஆட்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தகுதியுள்ள நபர், *தானே செய்த சோதனையின் அடிப்படையில்*, எழுத்தில் சான்று தர வேண்டும் என்று அதில் இருந்தது. எண்களை ஒருவர் எழுதிக்கொண்டு வந்து நீட்ட, இன்னொருவர் கையெழுத்துப் போடுவது அந்தப் பிரிவில் இல்லை. காண்ட்ராக்டர் அவசரப்படுத்துவார், ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பார், முந்தின ஷிஃப்ட்டில் எடுத்ததுதானே என்பார். காலை எட்டு மணி ரீடிங் பதினொரு மணிக்குச் செல்லாது. சாப்பாட்டுக்கு ஏறி வந்துவிட்டு மறுபடி இறங்கும்போது புது ரீடிங், புது நேரம். நேரம் எழுது, கண்ணு.

எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாதது இல்லை.

20.4 என்றால் மீட்டர் கத்தாது, 19.5க்குக் கீழே போனால்தான் கத்தும். ஆனால் வெளிக்காற்றில் 20.9 இருக்கிறது. அரை சதவீதம் குறைந்திருக்கிறது என்றால் வேறு ஏதோ ஒன்று உள்ளே வந்து இடத்தைப் பிடித்திருக்கிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், ஆக்சிஜனில் அரை சதவீதம் குறைய அந்த வேற்று வாயு கிட்டத்தட்ட 2.4 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது 24,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). அது என்ன வாயு என்று கேட்காமல் பெர்மிட் போடக்கூடாது. அமிலக் கழிவில் சோடா ஆஷ் கொட்டி நியூட்ரலைஸ் செய்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். சாதாரண நாலு வாயு மீட்டரில் அதற்கு சென்சார் கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு 5,000 பிபிஎம்தான் வரம்பு, 40,000 உயிருக்கே ஆபத்தான அளவு. மீட்டரோ ‘சேஃப்’ என்று பச்சை காட்டிக்கொண்டிருக்கும்.

0 என்பது எல்ஈஎல், அதாவது எரியும் வாயு தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது. பூஜ்யத்தைப் பார்த்தால் சந்தோஷப்படாதே, முதலில் சந்தேகப்படு. வால்வு சுழலவில்லை என்று பக்கத்தில் யாராவது சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்திருந்தால் அந்த ஆவி கேட்டலிட்டிக் சென்சாரைக் கொன்றுவிடும். டிஸ்ப்ளே நன்றாக எரியும், பேட்டரி முழுசாகக் காட்டும், எதன் முன்னால் பிடித்தாலும் பூஜ்யம்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஷிஃப்ட் தொடங்கும்போது பம்ப் (bump) டெஸ்ட், அதாவது அளவு தெரிந்த வாயுவை மீட்டரில் விட்டுப் பார்ப்பது. வழக்கமான கலவை சிலிண்டரில் மீத்தேன் 2.5 சதவீதம் இருந்தால் எல்ஈஎல் 50ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு 25 பிபிஎம் இருந்தால் 25ஐ ஒட்டி. காட்டவில்லை என்றால் மீட்டர் ஓரமாகப் போக வேண்டும், வேலையும் நிற்க வேண்டும். இன்னொன்று, அந்த சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் எல்ஈஎல் எண் பொய் சொல்லும். முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு என்ற வரிசை அதனால்தான்.

அந்த 7தான் என்னைத் தூங்கவிடவில்லை. எழுதக்கூடாது என்று இருந்தேன், எழுதிவிட்டேன். 10க்குக் கீழே, அலாரம் இல்லை, சரி. ஆனால் அது மேன்ஹோல் வாயில் எடுத்த 7. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில்தான் படுத்திருக்கும். வாயிலேயே 7 என்றால் அடியில் எவ்வளவு? மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். குழாயை இறக்கிவிட்டு உடனே எண்ணைப் படிக்கக்கூடாது. அடியில் இருக்கிற காற்று குழாய் முழுக்க ஏறி வரணும், அப்புறம் சென்சார் நிதானத்துக்கு வரணும். குழாயின் நீளத்துக்கு எத்தனை விநாடி என்று மீட்டரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முதலில் மீட்டர் கயிற்றில் இறங்கட்டும், ஆள் அப்புறம் இறங்கட்டும்.

மூக்கை நம்பி இறங்குகிறவர்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் குறைந்த அளவில்தான் தெரியும். 100 பிபிஎம்மை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று சந்தோஷமாக இறங்குவார்கள்.

உங்கள் ப்ளான்டில் சல்ஃபர் சாய லைன் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். அந்தக் கழிவில் சோடியம் சல்ஃபைடு வரும். பிஎச் 10க்கு மேல் இருக்கும்வரை அது தண்ணீரிலேயே அடங்கிக் கிடக்கும். 7க்கு வந்தால் ஏறக்குறைய பாதி வாயுவாகிவிடும், 5க்கு இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும். இங்கே தோல் ஆலைகளில் சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரும் அமிலமான பிக்கிள் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்தால் நடப்பதும் இதுதான். ஆள் உள்ளே இருக்கும்போது அமில லைன் வால்வை மேலே யாரோ தெரியாமல் திறந்தால் போதும். வால்வை மூடியிருக்கிறோம் என்பது ஐசொலேஷன் (முழுத் துண்டிப்பு) ஆகாது. குழாய் இணைப்பு ஃபிளாஞ்சில் பிளைண்ட் (அடைப்புத் தகடு) போடு, அல்லது குழாய்த் துண்டைக் கழற்றி வை. பம்ப்பின் பிரேக்கரில் உன் பூட்டு, சாவி உன் பாக்கெட்டில். காண்ட்ராக்டரின் பூட்டு தனி.

அப்புறம் ஸ்லட்ஜ், அடியில் படிந்த சகதி. சோதனை செய்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்று விசாரணையில் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். வாயு ஸ்லட்ஜுக்குள் குமிழாக மாட்டிக்கொண்டிருக்கும். மண்வெட்டி மேல் ஏட்டை உடைத்ததும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். அதனால் முடிந்தவரை பம்ப் போட்டு உறிஞ்சி, தண்ணீர் விட்டு அலசு. மிச்சம் இருப்பதை வெளியிலிருந்தே நீளக் கழியால் கிளறிவிட்டு மறுபடி ரீடிங் எடு. உள்ளே இருப்பவர் நெஞ்சில் ஒரு மீட்டர் எப்போதும் ஓட வேண்டும். இடுப்பில் மாட்டினால் சகதி அப்பிக்கொள்ளும்.

காற்று ஊதும் ப்ளோயரின் கணக்கை நீ எனக்கே சொல்லித் தருவாய். இருந்தாலும்: டேங்க்கின் கன அளவைப் போல ஏழரை மடங்கு காற்று உள்ளே போன பிறகுதான் முதல் ரீடிங். 30 கன மீட்டர் டேங்க் என்றால் 225 கன மீட்டர் காற்று. ப்ளோயர் மேல் தகட்டில் நிமிஷத்துக்கு 25 என்று போட்டிருப்பான், டக்ட் (காற்றுக் குழாய்) இரண்டு இடத்தில் வளைந்தால் 15தான் வரும் என்று வை. பதினைந்து நிமிஷம். டக்ட்டின் வாய் அடிவரை போக வேண்டும், மேன்ஹோல் வாயிலேயே ஊதினால் மேல் காற்றுதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் புகைக்கு எதிர்த்திசையில் ப்ளோயரை வை. கடைசி ஆள் ஏறும்வரை அது நிற்கக்கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை அந்த இடத்தைவிட்டே அனுப்பு. ஆக்சிஜன் ஏறிய துணி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போன வருஷம் கேஸ் அலாரம் அடித்ததும் ஷிஃப்ட்டையே நிறுத்தினாய் என்று உன் சீனியர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. அப்படி நிறுத்தியவள் நேரம் எழுதாத தாளுக்குக் கீழே கையெழுத்துப் போடுவாளா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. யாராவது நெருக்குகிறார்களா? இரண்டு ஞாயிறாக நீ பேசவும் இல்லை. நைட் ஷிஃப்ட் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வாபி என்று டிவியில் பெயர் வந்தாலே சத்தத்தைக் கூட்டுகிறாள்.

ஒன்று மட்டும். உள்ளே யாராவது விழுந்தால் நீ இறங்கக்கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியாஷ் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. மூளை ஆக்சிஜன் இல்லாமல் நாலைந்து நிமிஷம்தான் தாங்கும், ஃபயர் சர்வீஸ் அதற்குள் வராது. அதனால்தான் ஆள் இறங்கும்போதே ஹார்னஸ் (உடல் பட்டை) மாட்டி, கயிறு வின்ச்சில் இருக்க வேண்டும். மேலே நிற்பவர் வின்ச்சைச் சுற்ற வேண்டியதுதான். விழுந்த பிறகு ட்ரைபாட் தேடக்கூடாது. மேலே நிற்பவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதே, டீ வாங்கி வரக்கூட அனுப்பாதே. ஒடிசா, பீகார் பையன்கள்தானே அங்கே அதிகம்? பெர்மிட்டை இங்கிலீஷில் வாசித்துக் கைநாட்டு வாங்குவது பயிற்சி இல்லை. உன் இந்தி இப்போது நன்றாக வந்திருக்குமே, ‘எப்போது வெளியே வர வேண்டும்’ என்று அவர்களையே திருப்பிச் சொல்ல வை.

மலர் 20ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. மேன்ஹோல் மூடியிருக்கிற படம் ஒன்று அனுப்பு. இல்லையென்றால் அந்த இடத்தில் பம்ப் டெஸ்ட் அட்டவணையைப் போட்டுவிடுவேன், சொல்லிவிட்டேன். அம்மா எள்ளுருண்டை கொரியரில் போட்டிருக்கிறாள். வந்து சேர்ந்ததும் அவளிடம் போனில் சொல். எனக்கு மெசேஜ் போதும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பம்ப் டெஸ்ட் கேஸ் சிலிண்டரின் காலாவதித் தேதியையும் ஆக்சிஜன் சென்சார் மாற்றிய தேதியையும் பார்த்து எழுது. மேன்ஹோலின் விட்டத்தையும் டேப் வைத்து அள. 450 மில்லிமீட்டர்தான் என்றால் முதுகில் காற்று சிலிண்டர் மாட்டியவர் அதில் இறங்க முடியாது, நீளக் குழாய் ஏர்லைன் செட் வாங்கச் சொல்லி மேலே எழுத வேண்டியிருக்கும். கடிதத்தை நான் டிராஃப்ட் செய்து தருகிறேன்.