பட்டியல் போட்டால் பாடம் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதமும் உணவும் பற்றிக் கல்லூரியில் ஒரு பாடம் வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டாயம் வேண்டும். அப்படியொரு தாளை நடத்துகிறவள் என்பதால், கட்டுரையாளர் போட்டிருக்கும் பாடத்திட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு மதம், அதில் எது ஆகும் எது ஆகாது, கடைசி வாரம் உணவுத் திருவிழா. இதைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி உருப்போட்டுவிடலாம். விலக்கை யார் மீறினார்கள், மீறினபோது என்ன ஆயிற்று என்பதெல்லாம் பட்டியலில் வராது.

1522இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் நடந்த சண்டையிலிருந்துதான் நான் தொடங்குவேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், கிறிஸ்தவர்களுக்கு இறைச்சி கூடாது. அச்சகம் வைத்திருந்த கிறிஸ்டோப் ஃப்ரோஷவர் வீட்டில் காய்ந்த சாஸேஜை, அதாவது குடலில் இறைச்சி அடைத்த பண்டத்தை, பொடியாக நறுக்கி, கூடியிருந்தவர்கள் தின்றார்கள். விசாரணை வந்தது. புத்தகச் சந்தை தொடங்குவதற்குள் வேலையை முடிக்க இரவும் பகலும் உழைக்கிறோமே என்பது ஃப்ரோஷவரின் பதில். அங்கே இருந்த பாதிரியார் ஸ்விங்ளி அதில் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. ஆனால் சில நாளிலேயே, எதை உண்பது என்பது கிறிஸ்தவனின் விருப்பம் என்று பிரசங்கம் செய்தார். அதை அச்சடித்ததும் அதே ஃப்ரோஷவர்தான்! கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சுவிட்சர்லாந்தின் சீர்திருத்த இயக்கத்துக்கு இந்தச் சாஸேஜிலிருந்துதான் பலரும் கணக்கு வைக்கிறார்கள். 'தவக்காலத்தில் இறைச்சி விலக்கு' என்ற ஒற்றை வரியில் இதில் எது இருக்கிறது?

ஒரே மதத்துக்குள்ளும் ஒரே விதி இல்லை. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று பைபிளின் யாத்திராகமம் சொல்கிறது. அதிலிருந்து யூதர்கள் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம் வரை போனார்கள். இறைச்சி தின்ற பிறகு பால் குடிக்க எவ்வளவு நேரம் பொறுப்பது? பல சமூகங்களில் ஆறு மணி நேரம், ஜெர்மானிய யூதர் வழக்கத்தில் மூன்று, டச்சு வழக்கத்தில் ஒன்று. பன்றி ஏன் விலக்கு என்பதிலும் அறிஞர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. குளம்பு பிளந்திருந்தும் அசைபோடாததால் அது எந்த வகையிலும் அடங்கவில்லை என்றார் மானிடவியலாளர் மேரி டக்ளஸ். வறண்ட நிலத்தில் நிழலும் நீரும் கேட்கிற பிராணியை வளர்ப்பது கட்டுப்படியாகாது என்றார் இன்னொரு மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ். டக்ளஸ் பின்னாளில் தன் விளக்கத்தைத் தானே மாற்றிக்கொண்டார். மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று. "உங்க மதத்துல என்னம்மா வழக்கம், சொல்லு" என்று வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பி நிறுத்தக் கூடாது. அவள் வீட்டு வழக்கம் அவள் வீட்டு வழக்கம்தான். வீட்டில் கடைப்பிடிக்காததை வகுப்பில் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அவளுக்கு வரக் கூடாது.

உணவுத் திருவிழாவும் வேண்டாம். யார் எதைத் தொடவில்லை என்று அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதில்தான் அது போய் முடியும். அந்த வாரம் ஆளுக்கொரு தின்பண்ட உறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், போதும். சேர்மானப் பட்டியலில் இ120 (E120) என்ற குறியீட்டு எண்ணை அச்சிட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு நிறமி. ஜெலட்டின் என்றிருந்தால் எந்தப் பிராணியினுடையது என்று பெரும்பாலும் போட்டிருக்காது. யார் யார் அதைச் சாப்பிடலாம், யாரிடம் கேட்டு முடிவு செய்வது என்பதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

இப்படிக்கு,
கல்லூரிப் பேராசிரியை ஒருவர்