வலி இல்லாத பல்லையும் பாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த வியாழக்கிழமை நம் பள்ளியில் பல் பரிசோதனை நடக்கிறது. ஒப்புதல் படிவத்தை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். போன முறை நிறைய படிவங்கள் திரும்பி வரவே இல்லை. விசாரித்தபோது பலரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பிள்ளைக்குப் பல்வலியே இல்லையே, எதற்குப் பரிசோதனை?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த முறை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கீழ் வகுப்பு ஒன்றில் ஒரு சிறுமி. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் முணுமுணுப்பாள். கூச்சம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் இடைவேளையில் அவள் பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, வலது பக்கமாகவே ஒதுக்கி மெல்வதை வகுப்பாசிரியை கவனித்துவிட்டு என்னிடம் கூட்டி வந்தார். ஜன்னல் பக்கம் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கீழ்க் கடைவாய்ப்பல்லின் நடுவில் பென்சில் முனை நுழையும் அளவுக்குக் குழி, சுற்றிலும் பழுப்பு. "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "எப்பவும் இப்படித்தான் டீச்சர்" என்றாள்.

அந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. மாதக்கணக்கில் இருந்த வலி, அவளுக்கு வலியாகவே தெரியாமல் போயிருக்கிறது. வீட்டில் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பைவிடக் கடினம். ஆனால் அதில் நரம்பு கிடையாது. அதனால் அது கரையும்போது ஒன்றும் தெரியாது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் கொஞ்சம் மென்மையானது. சொத்தை அங்கே எட்டியதும் வேகம் பிடிக்கும். இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் சுரீர் என்று கூசும். அதையும் தாண்டி நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழைத் தொட்டால், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி. ஆக, வலி வந்து நாம் ஓடும்போது சொத்தை ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில சமயம் அந்தக் கடும் வலி தானாக நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். பெரும்பாலும் பற்கூழ் செத்துப்போனதால்தான் வலி நிற்கிறது. கிருமி உள்ளேயே இருக்கும். சில வாரங்கள் கழித்து ஈறில் சின்னக் கொப்புளமாகச் சீழ் வைக்கும்.

சொத்தைப் பல்லை நாம் பூச்சிப்பல் என்கிறோம். பல்லில் பூச்சி எதுவும் இல்லை. வாயில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் நொதிக்க வைத்து அமிலம் உண்டாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் விளக்கியவர், பெர்லினில் பணியாற்றிய வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். இனிப்புச் சாப்பிட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறும். எச்சில் அதைத் தணித்து, கரைந்த தாதுக்களைத் திரும்பப் பல்லில் சேர்க்க அரை மணி நேரமாவது வேண்டும். ஜூஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் பிள்ளையின் எச்சிலுக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை. ஒரு நாளில் எத்தனை தடவை இனிப்பு வாய்க்குள் போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அளவைக் குறைப்பதைவிட அந்தத் தடவைகளைக் குறைப்பது முக்கியம்.

சரி, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், பிள்ளையின் மேலுதட்டை விரலால் உயர்த்துங்கள். சுத்தமான துணியால் பல்லை ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈறை ஒட்டினாற்போல் சுண்ணாம்பு தடவியது மாதிரி மங்கலான வெள்ளைக் கோடோ திட்டோ தெரிகிறதா? அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குத் தட்டுப்படாது, காய்ந்தால்தான் தெரியும். இந்தக் கட்டத்தில் குழி இல்லை, துளையிட வேண்டியதும் இல்லை. ஃப்ளூரைடு (எனாமலை உறுதியாக்கும் தாது), ஒழுங்கான துலக்கல், இனிப்புக் கட்டுப்பாடு, இவற்றாலேயே அதை நிறுத்திவிடலாம், திருப்பவும் முடியும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் பல் தானாக மூடிக்கொள்ளாது.

அப்புறம் கடைவாய். ஏறக்குறைய 6 வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். விழுந்தால் வேறு வராது. பல் எதுவும் விழவில்லையே என்பதால் பெரும்பாலான வீடுகளில் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 12 வயதில் எனக்கு அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து நிற்கிறது. இன்றும் அந்தப் பக்கம் என்னால் சரியாக மெல்ல முடியாது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

இரண்டு பற்கள் உரசும் இடுக்கில் வரும் சொத்தை வீட்டில் பார்த்தால் தெரியாது. பல சமயம் மருத்துவர் கண்ணுக்கே எக்ஸ்ரேயில்தான் தெரியும். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்: கூரான கம்பியால் அழுத்திக் குத்திப் பார்ப்பதை இப்போது தவிர்க்கிறார்கள், மெலிந்த எனாமல் அதில் உடைந்துவிடலாம் என்பதால். பல்லைக் காற்றூதிக் காயவைத்து, வெளிச்சத்தில் பார்ப்பார்கள்.

சிகிச்சை, சொத்தை எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. ஆரம்பம் என்றால் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவார்கள். கடைவாய்ப்பல்லின் ஆழமான பள்ளங்களில் சொத்தை வருமுன்பே சீலண்ட் ஊற்றி அடைத்துவிடலாம், வலியே இருக்காது. சிறு பிள்ளைகளுக்குச் சொத்தையை நிறுத்த வெள்ளி கலந்த ஒரு திரவமும் உண்டு. அது சொத்தை பிடித்த இடத்தைக் கறுப்பாக்கிவிடும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். குழி விழுந்தால் அடைப்பு. பற்கூழை எட்டினால் அதற்கான சிகிச்சை செய்து மேலே தொப்பி போடுவார்கள். அந்தச் சிறுமிக்கு இதைத்தான் செய்தார்கள். காப்பாற்றவே முடியாத பல்லைத்தான் எடுப்பார்கள்.

"விழப்போகிற பால்பல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பின்பக்கப் பால்பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்கும். அடியில் வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அவைதான். பால்பல்லில் வைக்கும் சீழ், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கலாம்.

கறை எல்லாமே சொத்தை ஆகாது. புதிதாக முளைக்கும் கடைவாய்ப்பல்லோ முன்பல்லோ மஞ்சள் பழுப்புத் திட்டோடு வந்தால், எனாமல் உருவாகும்போதே பலவீனமாகியிருக்கலாம். அந்தப் பல் கூசும், அதன் எனாமல் சீக்கிரம் பொடிந்து உதிரும், அதனால் சீக்கிரம் காட்ட வேண்டும். விழுந்து அடிபட்ட பல் சாம்பல் நிறமாக மாறினாலும், வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கன்னமோ தாடையோ வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டப்பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ ஈறில் வைக்கவோ கூடாது.

துலக்குவது பற்றி நீங்கள் அறிந்ததே. ஃப்ளூரைடு உள்ள பற்பசை, நாளுக்கு இரண்டு முறை. 3 வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு. நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் சேர்ந்து போய்விடும். ராத்திரி துலக்கியபின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். 7, 8 வயது வரை நீங்களே கூட நின்று துலக்கிவிடுங்கள். அதுவரை கை அவ்வளவு பழகியிருக்காது.

படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பரிசோதனை முடிந்ததும், மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் ஒட்டிய உறையில் சீட்டு வரும். மற்றப் பிள்ளைகள் முன்னால் யார் பெயரையும் படிக்க மாட்டோம். சிகிச்சைச் செலவு கவலையாக இருந்தால் தயங்காமல் என்னை வந்து பாருங்கள். மாலை 4 மணிக்கு மேல் அலுவலகத்தில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்