‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல ஒருமுறை வாருங்கள், ஐயா

சேகர குருவானவர் அவர்களுக்கும் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் முதல் ஞாயிறு நீங்கள் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தில், இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தேர்ந்தெடுத்துவிட்டார் என்று பிரசங்கித்ததை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் சொல்லவில்லை, உண்மைதான். “வேதத்த முழுசா வாசிச்சும் கடைசி மூச்சுவரைக்கும் மறுதலிச்சு, உடம்ப மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுத்தவங்களும் நம்ம மத்தியில இருந்தாங்க. அவங்க தெரிந்துகொள்ளப்பட்டவங்க இல்ல. எங்க போயிருக்காங்கன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்” என்றீர்கள். இந்தச் சேகரத்தில் உடல் தானம் செய்தவர் என் அப்பா ஒருவர்தான். அவர் போய் அன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரியிலிருந்து அம்மா சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை. மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். சிறுநீரகத்தில் கல் உள்ளவள். நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் இரண்டு நாள் கேட்டதற்கு, தாகமில்லை என்றாள். மூன்றாம் நாள் நடுச்சாமத்தில் அடுப்படியில் வெளிச்சம் தெரிந்து எழுந்து போனேன். செம்பு நிறையத் தண்ணீரை மேடையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “ஏட்டி, அந்த ஐசுவரியவான் ஒரு சொட்டுத் தண்ணிக்குத்தான கெஞ்சுனான். உங்கப்பா ராத்திரி ரெண்டு தரம் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கிற மனுசன்லா” என்றாள். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். செம்பு அப்படியே இருந்தது.

பாதாளத்து அக்கினியில் கிடக்கிற ஐசுவரியவான் நாக்கைக் குளிரப்பண்ண ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிற அந்த லூக்கா 16-க்கு நான் அவளுக்கு வேறு விளக்கம் சொல்ல முடியாது. ஞாயிறு பள்ளியில் நாற்பது வருஷம் பாடம் நடத்தியவள் அவள். நான் சொன்னால் மகள் சமாதானப்படுத்துகிறாள் என்பாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். அதனால் கேட்கிறேன்: வீட்டுக்கு வந்து, “உங்கள் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது” என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மோட்சத்தில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் அப்பாவே சண்டைக்கு வந்துவிடுவார்.

இது உபதேசத்துக்கு விரோதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். தேவன் இப்படி முன்னமே தீர்மானித்துவிட்டார் என்கிற முன்குறித்தலைப் பற்றி, சபைச் சீர்திருத்தவாதி கால்வினை விடக் கண்டிப்பாக நாம் யாரும் பேசிவிட முடியாது. அவரே அதைப் பயங்கரமான தீர்மானம் என்று ஒப்புக்கொண்டவர். முன்குறிக்கப்பட்டவர் யார், அல்லாதவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்றே நாம் விரும்ப வேண்டும் என்று ஆதிச் சபைப் பிதா அகஸ்டின் சொன்னதை எடுத்துக்காட்டி வழிமொழிந்தவரும் அவர்தான். ஜெனீவாவில் இருந்த கால்வினுக்கே தெரியாதது நம் பிரசங்க பீடத்தில் ஏறியதும் எப்படித் தெரிந்துவிடுகிறது?

ஆங்கிலிக்கன் மரபின் 39 கோட்பாடுகளை நீங்கள் இறையியல் கல்லூரியில் படித்திருப்பீர்கள். அதில் பதினேழாவது, தேவனால் தெரிந்துகொள்ளப்படுவது தேவபக்தருக்கு இனிய ஆறுதல் என்கிறது. கிறிஸ்துவின் ஆவியில்லாதவர் கண்முன் அந்தத் தீர்ப்பையே எப்போதும் நிறுத்திவைத்தால், பிசாசு அதைக்கொண்டே அவர்களை அவநம்பிக்கையில் தள்ளுவான் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. அம்மா ஆவியில்லாதவள் அல்ல. அவளையே தள்ளியாயிற்று. தள்ளியது யார் என்று நான் எழுதப்போவதில்லை.

அப்பா ஏன் நாத்திகரானார் என்று உங்களுக்குத் தெரியுமா? திடப்படுத்தல் வகுப்பில் இதே ரோமர் ஒன்பதைத்தான் நடத்தியிருக்கிறார்கள். “பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்” யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்தேன் என்றால், ஏசா என்ன தப்பு செய்தான் என்று கேட்டிருக்கிறார். உபதேசியார் மண்டையில் ஒரு குட்டு வைத்தாராம். “பதில் தெரியலன்னு சொல்லியிருந்தா நானும் உள்ள உக்காந்திருப்பேன்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது முழு உண்மையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வெளியே இருப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஞாயிறு தவறாமல் அம்மாவை டி.வி.எஸ். 50-யில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் ‘விடுதலை’யை விரித்து உட்காருவார். பாட்டுச் சத்தம் கேட்டால் கால் மட்டும் தாளம் போடும்.

அவர் தோழர்களும் வீட்டுக்கு வந்தார்கள். “செத்தா அவ்வளவுதாம்மா, நரகமாவது ஒண்ணாவது” என்று ஆளுக்கொரு சொற்பொழிவு. அவர்களுக்கும் அப்படியொரு நிச்சயம். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதாள். செத்தவரைப் பற்றி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருஷம் கூடக் குடியிருந்தவளுக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். சங்க காணிக்கை பாக்கி என்று அப்பா பெயரைச் சபை வாக்காளர் பட்டியலிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டீர்கள். நியாயம்தான், அவர் கட்டவில்லை. இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர் எழுதியிருக்கிற ஜீவபுஸ்தகத்தின் நகலும் கமிட்டி அலுவலகத்தில்தான் இருக்கிறதா? இருந்தால் வாக்காளர் பட்டியலைப் போல அதையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாமே. ஆட்சேபணை தெரிவிக்கப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். உலகத்தோற்றத்துக்கு முன்னே எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்று பிரசங்கிக்கிற நாம், கமிட்டித் தேர்தல் வந்தால் மட்டும் விடிய விடிய வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறோம். அந்தக் கைகலப்பில் சட்டை கிழிந்தவர்களும் முன்குறிக்கப்பட்டவர்கள்தானா?

மன்னிக்க வேண்டும், எங்கேயோ போய்விட்டேன். தேர்தல் என் வழக்கு இல்லை.

எனக்கும் நிச்சயம் என்று ஒன்றும் இல்லை, ஐயா. மாற்கு ஒன்பதில் பிள்ளையின் தகப்பன் “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறானே, அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் கோயிலுக்கு வருகிறேன். இயேசு அவனிடம், முதலில் உன் நிச்சயத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார்.

பீடத்தில் ஏறி மறுப்புச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. கமிட்டித் தீர்மானமும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை, எனக்குத் தெரியாது, அது மட்டும் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள். போன வாரம் ஸ்கேன் எடுத்ததில் கல் பெரிதாகியிருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அம்மா திண்ணையில் இருப்பாள். நீங்கள் வந்ததும் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். யார் வந்தாலும் அவள் முதலில் செய்வது அதுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அந்தச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வையுங்கள், ஐயா.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்